கைதட்டலும் கைக்குறிப்பும்

பேசத் தெரிந்தவர்கள் நாம். அதில் நமக்கு ஐயம் இருந்ததே இல்லை. கல்லூரி நாட்களில் மேடை மேடையாக ஏறி, எதுகை மோனைகளை ஏவல் கொண்டு பழகியவர்கள். பட்டம் பெற்று, திண்டிவனத்துக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டிலேயே, பொங்கல் விழாவில் சிறப்புரை ஆற்ற அழைக்கப்பட்டோம். மூடப்பழக்கத்தின் முதுகெலும்பை முறித்துவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்குவது என்று முடிவு செய்துகொண்டோம்.

இறங்கினோம், எதை முறித்தோம் என்பதுதான் கேள்வி.

அன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளைப்பேறு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, கழுதைப்பாலைத் தேடி அலையும் அறியாமையைச் சாடினோம். பெற்றவளைத் தீட்டென்று மூலையில் ஒதுக்கும் மடமையைச் சாடினோம். பச்சிளங் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, அதன் மூக்கிலே எண்ணெய் விட்டு ஊதும் வழக்கத்துக்கு வந்தபோது, நமக்கு உற்சாகம் கரை புரண்டது. "தாய்மார்களே! ஊதுவது குழந்தையின் மூக்கிலா, அடுப்பின் வாயிலா?" என்று கேட்டு, கன்னத்தை உப்பி ஊதியும் காட்டினோம். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. இளைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் பிறக்கும் குழந்தைகளை எல்லாம் குளிப்பாட்டுபவர் அவர். ஊரார் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததையும், அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனதையும் நாமும் பார்த்தோம். பழமை பின்வாங்குகிறது என்று எண்ணி மகிழ்ந்தோம்!

தை மாதத்துப் பனி கடுமையாக இருந்த வாரம் அது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாள் தொடர்ந்து காலந்தாழ்த்தி வந்தான். காரணம் கேட்டோம். அக்காவுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருக்கிறது என்றான். "இரவெல்லாம் அழுது உன்னைத் தூங்கவிடவில்லையோ?" என்றோம். "இல்லை சார், அழுவதே இல்லை" என்றான். "அப்படியானால் உன்னைவிட நல்ல பிள்ளை!" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். வகுப்பு சிரித்தது. சிரிக்க வைப்பது நமக்கு எளிது.

மறுநாள் மாலை, கிராம சுகாதாரச் செவிலியர் பள்ளி வாயிலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் ஓரம் கிழிந்த நீள நோட்டு. "தம்பி, பொங்கல் அன்றைக்குப் பேசியது நீங்கள்தானே?" என்றார். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, இருக்கை எடுத்துப் போட்டோம்.

அவர் சொன்னது இதுதான். அந்தக் குழந்தை வெளியூர் மருத்துவமனையில், எடை குறைவாகப் பிறந்தது. நான்காம் நாள் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய பதிவேட்டில் அந்தப் பேறு இல்லை. பதிந்தது கணவன் ஊரில். இப்படி வந்து சேரும் குழந்தைகளைப்பற்றி அவருக்குச் செய்தி சொல்பவர் குளிப்பாட்டும் ஆயாதான். எந்த வீட்டில் முதலில் வெந்நீர் காய்கிறதோ அந்த வீட்டுக்கு ஆயா போவார். அன்றே செவிலியருக்குச் சேதி போகும். அந்த ஏற்பாடு அமைவதற்கு மூன்றாண்டுகள் பிடித்தனவாம். உடம்பில் எண்ணெய் தடவு, மூக்கிலும் காதிலும் விடாதே. எடை குறைந்த குழந்தையைக் குளிப்பாட்டாதே, துடைத்துப் போர்த்து. எனக்குச் சொல்லி அனுப்பு. இந்த மூன்றையும் ஆயா ஏற்றுக்கொண்டு ஓராண்டுக்குமேல் ஆகிறது.

ஏற்றுக்கொண்டு ஓராண்டுக்குமேல்! நாம் மேடையில் ஊதிக் காட்டியபோது, அவர் ஊதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

பொங்கலுக்குப் பின் ஆயா எந்த வீட்டுக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "படிச்ச வாத்தியார் வந்திருக்காரே, அவரைக் கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். எனவே அந்த வீட்டுப் பாட்டி தாமே குழந்தையைப் பனியில் குளிப்பாட்டினார், எண்ணெயும் ஊதினார். செவிலியருக்குச் செய்தி எட்டியபோது ஒன்பதாம் நாள். குழந்தை சில்லிட்டுக் கிடந்தது, பால் உறிஞ்சவில்லை, கை கால் துவண்டிருந்தது. 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, நேரே நம்மிடம் வந்திருந்தார்.

"அழவில்லை என்று பையன் சொன்னானாமே, தம்பி?"

கேட்டுவிட்டு அவர் நம்மைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டைத் திறந்து, தேதி போட்டு, "அழுகை நின்றது தெரிந்த நாள்" என்று எழுதி, நம்மிடம் நாள் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த நோட்டைப் பிறகு பலமுறை பார்த்தோம். பிறந்த நாள், எடை, முதல் பால் கொடுத்த நேரம், தொப்புளில் வைத்தது என்ன, குளிப்பாட்டியது யார், இளைப்பு வந்ததா... ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. இளைப்பு என்று எழுதிய வரிகளைப் பின்னோக்கிப் படித்தபோதுதான் 'மூக்கில் எண்ணெய்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதாகச் சொன்னார். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும் என்பது மருத்துவ நூல் அறிந்த செய்திதான். ஆனால், ஆயாவை இணங்க வைத்தது நூலன்று. அவர் குளிப்பாட்டிய குழந்தைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் காட்டிய அந்த நோட்டு. பணியேற்ற புதிதில் தமக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்த வீடுகளைக்கூட அவர் குறித்து வைத்திருந்தார். ஏன் என்றோம். "அந்த வீடுகளில்தான் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள்" என்றார். சாதி எப்படி நோயாகிறது என்பதற்கு நாம் எத்தனையோ உவமை தேடியிருக்கிறோம். இதைவிடத் தெளிவாக எங்கும் கண்டதில்லை.

செவிலியர் தொழில் என்றாலே காயம் கட்டுவதும் கட்டில் விரிப்பதும் என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. இரத்தத்தையும் மலத்தையும் தொடும் தொழில் என்று அதைத் தாழ்த்தி வைத்தது தீட்டு நூல்களின் நாடல்லவா இது! பிளாரன்சு நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்த அம்மையார் கணக்கேந்திய காரிகை என்பதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கிரிமியப் போரில் இறந்த வீரர்களுள் காயத்தால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே மிகுதி என்பதைப் படம் வரைந்து காட்டியவர். 1858இல் இலண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண். இந்திய மண்ணை மிதிக்காமலே, இங்கிருந்த படைநிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பி, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு, 1863இல் வெளியான ஆணைய அறிக்கைக்கு உரம் சேர்த்தவர். 1892இல், இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்கு நலவாழ்வு கற்பிக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்துக்கும் துணை நின்றார். மேடை போட்டல்ல, வீடு தேடி.

நம் திண்டிவனத்துக்கே ஒரு கதை உண்டு. 1890களில், மருத்துவர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்த அவருடைய மகள் ஐடா ஸ்கட்டரிடம், ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்தார்கள். பிள்ளைபெற முடியாமல் துடித்த மனைவியரைக் காப்பாற்ற அழைத்தார்கள். மருத்துவரான தந்தை இருக்கிறாரே என்றார் ஐடா. ஆண் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துப் போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியம் பட்டப்படிப்பாயிற்று.

மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலியில் நடந்ததையும் செவிலியர்தாம் நமக்குச் சொன்னார். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 39 சிற்றூர்களில் ஒரு முறையை நடத்திப் பார்த்தார்கள். ஒப்பிட 47 சிற்றூர்களைத் தனியே வைத்துக்கொண்டார்கள். மருத்துவமனை கட்டவில்லை. ஊரிலேயே இருந்த, ஐந்து முதல் பத்து வகுப்புவரை படித்த பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். எடை பார், சூடு காத்து வை, தாய்ப்பாலுக்குத் துணை நில், நச்சுத்தொற்று என்று கண்டால் ஊசி போடு. பிறந்த ஒரு மாதத்துக்குள் ஆயிரத்துக்கு அறுபது குழந்தைகள் அளவில் மடிந்துகொண்டிருந்த ஊர்களில், மூன்றாம் ஆண்டில் அந்த எண் இருபத்தைந்தளவுக்கு இறங்கியது. ஒப்பீட்டு ஊர்களில் அறுபதிலேயே நின்றது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

அந்தப் பெண்கள் நச்சுத்தொற்றை எப்படிக் கண்டுகொண்டார்கள்? பால் உறிஞ்சுவது குறைகிறதா, உடல் சில்லிடுகிறதா, கை கால் துவள்கிறதா, அழுகை ஓய்கிறதா என்று பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவர்க்குத் தெரிந்த அடையாளம், பட்டம் பெற்ற நமக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமன்று, கேட்காமல் சிரித்தோமே, அது!

ஆயாவின் வீட்டுக்குப் போனோம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம். வாசலில் ஒரு சொல்லும் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் ஆயா" என்று மட்டும் சொன்னோம். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து, "என் வாய்ல ஊதின புள்ளைங்கதான் அன்னிக்குக் கை தட்டினதுங்க" என்றார். பிறகு, "கொழந்தை எப்படி இருக்கு?" என்றார்.

குழந்தை பதினாறு நாள் கழித்து வந்தது. தாயின் மார்போடு தோல் ஒட்டக் கட்டிவைத்திருந்தார்கள். 1978 முதல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் கையாண்டு, பின்னர் உலகம் ஏற்ற முறை அது. ஆயா அதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் பனிக்காலத்துல இப்படித்தான் முந்தானைக்குள்ள வெச்சிக்குவோம்" என்றார். செவிலியர் உடனே நோட்டை எடுத்து, எத்தனை நாள், இரவிலுமா, எந்தத் துணியில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். அவர் கை வேலையாக இருந்ததால், தராசுத் துணியில் குழந்தையைக் கிடத்தும்போது பேனாவை நம்மிடம் நீட்டினார். ஆயா முள்ளைப் பார்க்கச் சொன்னார். இரண்டு கிலோ நூறு கிராம் என்று எழுதினோம்.