யார்கிட்ட பேசுற?

சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் ஆடிஷனுக்குச் செல்ஃப் டேப் எடுப்பது லேசான காரியமில்லை. மாடிக்குப் போனால் மணலிப் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். அறைக்குள் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை கண்ணில் இறங்குவதற்குள் இரண்டு நிமிட மோனோலாக்கைப் பேசி முடிக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் நாடகப் பழக்கம் உண்டென்று தெரிந்து, “ணா, இதைப் பாத்துச் சொல்லுங்க” என்று போனை நீட்டும் பையன்கள் தெருவில் உண்டு.

பலரும் பேசியிருப்பது ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சி. 1952 தீபாவளிக்கு வந்த படம்; வசனம் கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. சிவாஜிக்கு அதுதான் முதல் படம் என்றாலும், சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடையில் பழுத்த தொண்டை அது. ஆடிஷனுக்கு அதைத் தொடாதே என்பது என் கட்சி. நிறைந்த கோர்ட்டுக்கும் அதைத் தாண்டி ஊருக்கும் கேட்க வேண்டுமென்று எழுதிய வசனத்தை, நாலடி தள்ளி நிற்கும் செல்போனிடம் பேசினால் கத்தலாகத்தான் விழும். பார்க்கிற கோ-டைரக்டர் கண்ணுக்கும் பையன் தெரியமாட்டான், சிவாஜிதான் தெரிவார்.

“சரி, இதை யார்கிட்ட பேசுற?” என்று கேட்பேன். முழிப்பார்கள். தனியாகப் பேசுவதால் கேட்க ஆளே இல்லை என்று நினைப்பு. ஆள் இருக்கிறார், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவர் முகம் சுளிக்கிறாரா, எழுந்து போகப் பார்க்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வரி வர வேண்டும். லென்ஸை ஒட்டினாற்போல ஒரு ஸ்டிக்கர் பொட்டை வைத்து, அதுதான் அந்த ஆள் என்பேன்.

ஒரு பையனைச் சொந்தமாக ஒரு காட்சி எழுதச் சொன்னேன். மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன், சம்பளம் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போடுகிறாள். முதலில் ஒரு பக்கத்துக்கு அழுகை எழுதி வந்தான். அடித்து அடித்து ஐந்தாறு வரி மிஞ்சியது. “போதும்மா, வைக்காத” என்பது ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அவள் கையையே பார்த்தான் பாருங்கள், அதுதான் நடிப்பு.

பார்ப்பதிலேயே பாதி தொழில் வந்துவிடும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் விஜய் சேதுபதி சேர்ந்தது கணக்கு எழுதத்தான். அங்கிருந்த நடிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பார்க்க எதிரே யாருமே இல்லாத பேச்சும் உண்டு, ஹாம்லெட்டுடையது போல. அங்கே தன் மனசே எதிராளி. ஹாம்லெட்டைத் தமிழில் ‘அமலாதித்யன்’ ஆக்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர். ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?’ என்று புத்தகமே எழுதியிருக்கிறார். நடிப்புப் பயிற்சிக்குக் கடன் வாங்கிக் கட்டுமுன் அதைப் படித்துவிடுங்கள் தம்பிகளா.

இவ்வளவும் தயாரான பிறகு ஆடிஷனில் ஒன்று நடக்கும். பேர், வயசு, உயரம், ஊர் சொல்ல வேண்டும். மாத்தூர் என்றதும், “அப்ப மெட்ராஸ் பாஷைல ரவுடி மாதிரி ஒண்ணு பேசு” என்பார்கள். ஐந்தாறு வரி அம்மா வசனம் சட்டைப்பையிலேயே கிடக்கும். எங்கள் பையன்கள் ரவுடியாக நடிக்கமாட்டோம் என்று சொல்லவில்லை, நன்றாகவே நடிப்பார்கள். ஆடிஷன் நடத்துகிறவர்களே, அவன் கொண்டுவந்ததை முதலில் கேளுங்கள். பிறகு ஒரு கலெக்டர் வசனத்தையும் கொடுத்துப் பாருங்கள்.