கள்ளிக்குப் பெயர் கிடைத்தது

டொராண்டோ, ஏப்ரல்



இங்கே இன்னும் குளிர் விடவில்லை. ஆனால் என் சன்னலோரக் கள்ளி பூத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எலுமிச்சம்பழ அளவில் இருந்தபோது ஒரு கடையில் வாங்கியது. உச்சியில் ஒரு ரோஜா நிறப் பூ. ஒரு மாதமாகியும் வாடவில்லை. தொட்டால் சருகாக மொரமொரத்தது. காய்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்றிருக்கிறார்கள்! செடி வளர்வதே அந்த உச்சியில்தான். இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தேன். கூடவே நாலைந்து முள்ளும் வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

சீட்டில் 'பலவகைக் கள்ளி' என்று மட்டும் இருந்தது. பெயர் தெரியாமல் ஒரு செடியை வளர்க்க எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் ராமநாதபுரத்து வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதற்கு உறவே இல்லை. அவை ஆமணக்கின் குடும்பம். சப்பாத்திக்கள்ளிதான் இதன் பங்காளி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பால் வடிவதை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்தச் சின்னக் கள்ளிகளிலும் சிலவற்றில் பால் உண்டு. முள்ளின் அடியைத்தான் பார்க்கவேண்டும். பஞ்சுத் திண்டு போன்ற ஒரு புள்ளியிலிருந்து முள் கிளம்பினால் அது அமெரிக்கக் கள்ளி.

என்னுடையதில் திண்டு இருந்தது. உடம்பெல்லாம் குமிழ்கள், சுழன்று ஏறும் வரிசைகளாக. இப்படிக் குமிழ் உள்ள கள்ளிப் பேரினங்களில் இது மாமில்லேரியாவா, ரெபூட்டியாவா, கோரிபாந்தாவா? பூத்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும்.

பூக்க வைப்பது உரமல்ல, குளிர்காலப் பட்டினி. முதல் வருடம் மனம் பொறுக்காமல் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மொட்டுகூட வரவில்லை. சென்ற அக்டோபர் கடைசியில் ஹீட்டர் போடாத அறையின் தெற்குச் சன்னலில், 10 டிகிரி அளவில் வைத்தேன். மார்ச் வரை ஒரு சொட்டு இல்லை. செடி சுருங்கி மண்ணோடு அமிழ்ந்தது. எத்தனையோ நாள் குவளையோடு போய்த் திரும்பியிருக்கிறேன்.

மார்ச்சில், வெள்ளை மயிருக்கிடையே கடுகளவு சிவப்புப் புள்ளிகள். உச்சியில் அல்ல, சற்றுக் கீழே, தலையைச் சுற்றி வளையமாக. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முள் இருப்பது குமிழின் நுனியில். மொட்டு வருவதோ இரண்டு குமிழ்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில். முள்ளுக்கு ஓரிடம், பூவுக்கு வேறிடம் என்று ஒதுக்கி வைத்திருப்பது மாமில்லேரியாவின் குணம். ரெபூட்டியா பெரும்பாலும் அடிப்பக்கத்தில் பூக்கும். கோரிபாந்தா உச்சியில் பூக்கும். அதன் குமிழின் மேல் ஒரு பள்ளக்கோடு ஓடும்.

நீண்ட வெண்மயிர், ஊதா கலந்த சிவப்புப் பூ: இது மாமில்லேரியா ஹானியானா. மெக்சிகோவின் குவானஹுவாட்டோ, கெரெட்டாரோ பக்கத்துப் பிள்ளை. வெளுத்த தலையைப் பார்த்து இங்கே கிழவிக் கள்ளி என்கிறார்கள்.

வெயில் பட்டதும் விரிகிறது, மாலையில் மூடிக்கொள்கிறது. இன்று காலை எண்ணினேன், 17 பூ. கடைச் சீட்டைத் திருப்பி, பென்சிலால் பெயரையும் முதல் பூ விரிந்த தேதியையும் எழுதித் தொட்டியில் செருகியிருக்கிறேன். பேனா மை இந்தச் சன்னல் வெயிலில் வெளுத்துவிடும்.