பிலிப்பியர் நான்காம் அதிகாரம்

ஜூன் 9, திங்கள்

மில்லை மூடிவிட்டார்கள். காலை ஷிஃப்டுக்குப் போன அத்தான் ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி வந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மேசையில் வைத்தார்கள். மறு அறிவிப்பு வரும்வரை என்று கேட்டில் தாள் ஒட்டியிருக்கிறதாம். போன மாதச் சம்பளமும் வரவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் மாமிதான் ஜெபித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. எழுதியாவது வைப்போம் என்று இந்த நோட்டை எடுத்தேன்.

ஜூன் 13

மகளுக்கு பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தேயு ஆறில் பிரசங்கம். ஆகாயத்துப் பறவைகள், காட்டுப் பூக்கள். கேட்கக் கேட்கக் கோபம் வந்தது, ஐயர் மேல் அல்ல, ஆண்டவர் மேல். பறவைக்குக் கட்டணம் கட்டக் கெடு உண்டா? வீட்டுக்கு வந்து 13ஆம் சங்கீதத்தை எடுத்தேன். எத்தனை நாளைக்கு என்று தாவீது நான்கு தடவை கேட்கிறார். அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அவரோடு சேர்ந்து நானும் கேட்டேன்.

ஜூன் 18

உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவது மாமி காலத்துக்கும் முந்தின வழக்கம். இன்றைக்குக் கை நின்றுவிட்டது. டப்பாவில் அடி தெரிகிறது. மாமி பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. போட்டேன். விசுவாசத்தில் போட்டேனா, மாமி பார்க்கிறார்களே என்று போட்டேனா, தெரியவில்லை.

ஜூன் 19

தலைவலி.

ஜூன் 24

கோயம்புத்தூரிலிருந்து மைனி போன் செய்தார்கள். "என்னம்மா, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?" "ஒண்ணுமில்ல மைனி, நல்லாத்தான் இருக்கோம்" என்று வைத்துவிட்டேன்.

நாங்கள் வளர்ந்தது அப்படி. டோனாவூர்க் கதையைக் கேட்காத பிள்ளை எங்கள் பக்கம் உண்டா? எமி கார்மைக்கேல் அம்மா அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, காசு வேண்டும் என்று மனிதரிடம் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லரும் அநாதைப் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை அம்மா பெரும்பாலும் அறைக்குள்தான். அப்போதும் அந்த வழக்கம் மாறவில்லை. அதனால், குறையை வெளியே சொன்னாலே அவிசுவாசம் என்று எனக்கு ஒரு பயம்.

சாயங்காலம் பிலிப்பியர் நாலை வாசித்தேன். கவலைப்படாதே என்கிற ஆறாம் வசனம் கூடத்துக் காலண்டரிலேயே இருக்கிறது. அங்கே நிற்காமல் கடைசிவரை போனேன். காவலில் கிடக்கிற பவுல், எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பியர் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்று மனம் நிறைந்து எழுதுகிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அனுப்பினீர்களே என்று நினைவுபடுத்துகிறார். தன் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்கிறார். எல்லாம் அதே அதிகாரத்தில். டோனாவூருக்கு வந்த பணமும் யாரோ ஒருவர் கைவழியாகத்தானே வந்திருக்கும்?

ஜூன் 25

மைனியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இதச் சொல்ல இத்தன நாளா?" என்று சத்தம் போட்டார்கள். பிறகு போனிலேயே ஜெபித்தார்கள். நான் அழுதேன்.

ஜூன் 28

கட்டணம் கட்டியாயிற்று. "அக்காகிட்ட ஏன் சொன்ன?" என்று கேட்ட அத்தான் அதற்குப் பிறகு பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை. ஆனால் ராத்திரி, மில் மூடிய பிறகு முதல் தடவையாக, அவர்களே முழங்காலிட்டு ஜெபித்தார்கள். தங்கள் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

ஜூலை 4

மறுபடியும் தூக்கமில்லை. மன்னாவை நினைத்துக்கொண்டு கிடந்தேன். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் அதே ஆண்டவர்தான். என் மனக்கணக்கில் எது சேமிப்பு, எது பயம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஜூலை 8

மில் பேச்சுவார்த்தையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அத்தான் நாளையிலிருந்து ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதப் போகிறார்கள், தினக்கூலிக்கு. மாமிக்குச் சர்க்கரை மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். கல்லூரியின் இரண்டாம் தவணை டிசம்பரில். ஆண்டவரே, அதையும் உம்மிடம் சொல்லிவிட்டேன். பயம் இன்னும் போகவில்லை.