காத்தோங்கின் அரைக் கதவு

சிங்கப்பூரில், காத்தோங்கின் கூன் செங் ரோட்டில் வரிசையாக நிற்கும் பெரனாக்கன் வீடுகளின் வண்ணத்தையும் பூ ஓடுகளையும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கோ வாசலில் நெஞ்சளவு உயரத்துக்கு நிற்கும் அந்தச் சிறிய இரட்டைக் கதவுதான் பெரிது. மலாயில் அதன் பெயர் 'பிந்து பாகார்', அதாவது வேலிக் கதவு. செதுக்கு வேலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் கிராமத்துப் படலுக்கு உறவுமுறைதான். பகலில் பின்னாலுள்ள பெரிய கதவைத் திறந்துவைத்து, இதை மட்டும் சாத்திக்கொள்வார்கள். காற்று உள்ளே வரும். தெருவின் பார்வை வராது. இத்தகைய வீடுகள் சிலவற்றில் மாடி அறையின் தரையில் ஒரு துளையும் உண்டு. மாடி, ஐந்தடி நடைபாதைக்கு மேலே நீண்டிருப்பதால், மூடியை எடுத்துவிட்டுக் குனிந்தால் வாசலில் நிற்பவர் யாரென்று தெரிந்துவிடும். நீல் ரோட்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பேணிவரும் பாபா இல்லத்தில் இன்றும் அதைக் காணலாம். முழுக்க அடைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் இருக்க முடியாது. முழுக்கத் திறந்தால் வீடும் தெருவும் ஒன்றாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவைச் செய்தவர்களின் அறிவு, வீட்டுக் கணினிக்கும் வேண்டியிருக்கிறது.

கணினிக்கு மின்னஞ்சல்தான் வாசல். கடிதம் இறங்கவில்லை என்றதும் பலர் வைரஸ் தடுப்பை நிறுத்துகிறார்கள், எச்சரிக்கைக்கெல்லாம் 'சரி' என்று அழுத்துகிறார்கள். தடையாகத் தெரிவதை எல்லாம் விலக்குகிறார்கள். பல நேரங்களில் அங்கே தாழ்ப்பாள் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டு நுழையும் பழைய மென்பொருள்களுக்கு ஜிமெயில் 2022 மே 30 முதல் கதவை மூடத் தொடங்கியது. கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறு என்றே பதில் வந்தது. மென்பொருளைப் புதுப்பிப்பதும், இல்லையேல் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி அந்த மென்பொருளுக்கென்று தனிக் கடவுச்சொல் வாங்குவதும்தான் இதற்கு மருந்து. பழைய கணினிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். அஞ்சல் சேவையகத்தின் சான்றிதழ் செல்லாது என்று கணினி எச்சரிக்கும். தேதியைத் திருத்தினால் போதும். அதைச் செய்யாமல் எச்சரிக்கையை மீறிப் பழகிய கை, நாளை போலிச் சேவையகம் வந்து நிற்கும்போதும் மீறும். ஆகவே அஞ்சலைச் சரிசெய்வதும் கணினியைக் காப்பதும் ஒரே வேலை என்கிறேன்.

'அஞ்சல் ஒழுங்காக வருகிறது, பிறகென்ன' என்ற நிம்மதியும் போதாது. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. ஊடுருவியவர்கள் முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே, பெரும்பாலும் தூண்டில் மின்னஞ்சல் வழியாக, உள்ளே வந்துவிட்டார்கள் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்த ஒரு கணினியில், அவர்களுடைய கருவியைத் தடுக்கும் அவுட்லுக் திருத்தம் நிறுவப்பட்டிருக்கவில்லை. அந்தத் திருத்தம் அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது.

அது மருத்துவமனை, என் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2021 டிசம்பர் வாக்கில் பரவிய போலிக் குறுஞ்செய்திகளால் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர் 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். போனது வீட்டுச் சேமிப்பு. அதன் பிறகுதான் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை வங்கிகள் நீக்க வேண்டியதாயிற்று. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: பூட்டு கூடக்கூட முதியவர்கள் அஞ்சலையே கைவிட்டுவிடுவார்கள். உண்மைதான். 2017-இல் அரசு ஊழியர்களின் அலுவலகக் கணினிகளிலிருந்து இணையமே பிரிக்கப்பட்டது. அது பெரிய கதவை அடைப்பது. ஓர் அரசாங்கத்துக்கு அது தேவைப்படலாம், வீட்டுக்குப் பொருந்தாது. வீட்டுக்குப் போதுமானது அரைக் கதவு: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்த மென்பொருள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, முக்கியக் கடிதங்களுக்கு வேறொரு வட்டில் ஒரு நகல். ஒருமுறை யாராவது உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தால், முதியவருக்கு அன்றாடம் பெரிய சுமை இராது.

மாடித் துளையும் நம்மிடம் உண்டு. கடிதம் இறங்காதபோது முதலில் உலாவியில் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே கடிதங்கள் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுப் பக்கம்தான். பெட்டி நிரம்பியிருந்தாலும், வழியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கோப்பு நின்றாலும், அங்கேயே நீக்கிவிடலாம். அனுப்பியவர் முகவரி சந்தேகமாக இருந்தால், கோப்பைத் திறக்காமலே கடிதத்தை வாசலோடு அனுப்பிவிடலாம். கடிதம் வீட்டுக்குள் வரட்டும். மேலிருந்து ஒரு தரம் குனிந்து பார்த்த பிறகு வரட்டும்.