நட்ட கல்லும் இருபத்து நான்கு சொற்களும்

2021 செப்டம்பர். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, சேலம் நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டுகள் மறுபடி தென்படத் தொடங்கியிருந்த நேரம். ஒரு தாயும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மாவின் மடியில் ஜவுளிக்கடைத் துணிப்பை. அதிலிருந்து முதலில் ஒரு கிரையப் பத்திரம் வெளியே வந்தது. அடுத்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் கருவி. பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருந்தது.

"இது ரெண்டும்தான் சார் அவர் எங்களுக்கு விட்டுட்டுப் போனது" என்றார் அம்மா.

கணவர் அந்த மே மாதம்தான் இறந்திருந்தார். தனியார் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து, 2018-ல் 58 வயதில் ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்தது 36 லட்சம். மாத ஓய்வூதியமோ மூவாயிரத்துச் சொச்சம். தனியார் துறையில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். 1995-ல் வந்த இ.பி.எஸ். திட்டத்தில் ஓய்வூதியத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரை அது 6,500 ரூபாய். அதற்குப் பிறகு 15,000. அப்படிப்பட்டவருக்கு, மிச்ச வாழ்நாளின் சோறு, மருந்து, மகள் வீட்டுச் சீர் எல்லாம் அந்த மொத்தத் தொகையிலிருந்துதான் வர வேண்டும். அதை எங்கே போடுவது என்று சொல்லித்தர யாரும் இல்லை.

அவர் 24 லட்சத்தை ஏற்காட்டில் நிலமாகப் போட்டார். எட்டரை லட்சத்தை பிட்காயினாகப் போட்டார்.

அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்த மிக எச்சரிக்கையான மனிதர்களில் அவர் ஒருவர். நேரில் சந்தித்ததில்லை, அவருடைய காகிதங்கள் வழியாகத்தான் தெரியும். நிலம் வாங்குவதற்கு முன் முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டிருந்தார். வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கியிருந்தார். பட்டா, சிட்டா, புல வரைபடம் என எல்லாவற்றையும் நகலெடுத்து, வரிசை எண் போட்டு, நூலால் தைத்து வைத்திருந்தார்.

பிட்காயினிலும் அதே கவனம். ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வெளியிட்ட தடைச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்டோபரில்தான் வாங்கினார். அன்றைய விலைக்கு ஏறக்குறைய ஒரு முழு பிட்காயின். வாங்கியதை எக்ஸ்சேஞ்ச் கணக்கிலும் விட்டுவைக்கவில்லை. கனடாவில் குவாட்ரிகா என்றொரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நிறுவனம். அதன் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோக, கடவுச்சொற்கள் அவரோடு போய்விட்டன என்று சொல்லி வாடிக்கையாளர்களின் பணம் முடங்கியது. அங்கே நடந்தது மோசடி என்று ஒன்டாரியோ மாகாணப் பங்குச்சந்தை ஆணையம் 2020-ல் அறிக்கையே வெளியிட்டது. அந்தச் செய்தியை மகளுக்கு அனுப்பி, "அடுத்தவன் கையில நம்ம சாவி இருக்கக் கூடாதும்மா" என்று எழுதியிருந்தார். அதற்காகத்தான் அந்தக் கருவியை வாங்கினார். அதைத் திறக்க ஒரு எண். எண் மறந்தால் மீட்டெடுக்க இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள், அதே வரிசையில்.

எண் அவர் நினைவில் இருந்தது. சொற்களை எங்கோ எழுதி வைத்திருந்தார். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் முகமூடியோடு பதினோரு நாள் கிடந்தவருக்கு அதைச் சொல்ல வாய்க்கவில்லை.

நிலம் நிச்சயம் கைக்கு வரும், காயின்தான் சிக்கல் என்று அன்று நான் நினைத்தேன். பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றினால் போதும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பித்தோம். நவம்பர் கடைசியில் ஏற்காடு தாலுகா அலுவலகத்திலிருந்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி: மேற்படி புலம் பழங்குடியினருக்கு நிபந்தனையின் பேரில் ஒப்படை செய்யப்பட்டது.

மலையில் இதைக் கண்டிஷன் பட்டா என்பார்கள். சேர்வராயன் மலையில் நிலத்துக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று எஸ்டேட் வரலாறு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து தொடங்குவது. பெரிய தோட்டங்கள், ஆங்கிலேயர் பெயர்கள், கைமாறிக் கைமாறி வந்த பத்திரங்கள். இன்னொன்று, அதற்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளின் வரலாறு. அவர்களில் பலருக்கு உழுத நிலத்துக்குக் காகிதமே கிடையாது. பின்னாளில் அரசு ஒப்படை செய்தபோது, விற்கக் கூடாது, விற்றாலும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு இன்னாருக்குத்தான் என்று நிபந்தனை போட்டது. கீழேயிருந்து வருகிறவர்கள் நூறு ரூபாயைக் காட்டி ஏக்கரை எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்கான வேலி அது.

எங்கள் புலத்தில் அந்த வேலி எப்படி உடைந்தது என்பது தாலுகா அலுவலகக் கட்டுகளைப் பிரித்தபோது தெரிந்தது. ஒப்படை எழுபதுகளில். எண்பதுகளில் யு.டி.ஆர். நிலவரித் திட்டம் வந்தபோது பட்டாதாரர் பெயர் புதுப் பதிவேட்டில் ஏறியது, நிபந்தனை ஏறவில்லை. ஒப்படை பெற்றவரின் மகனிடம் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கப்பட்டது. அந்தப் பவரை வைத்து ஒரு கிரையம், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் எங்கள் ஆளுடையது. வில்லங்கச் சான்றில் எல்லாமே சுத்தமாக இருந்தது. வில்லங்கம் பார்த்த முப்பது வருடத்துக்கு முந்தைய காகிதத்தில் இருந்தது நோய்.

சட்டக் கருத்து எழுதிய வக்கீலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலை நிலத்துக்கு நானும் பல வருடம் முப்பது வருட வில்லங்கத்தோடு நிறுத்தியவன்தான். மூல ஒப்படைக் கோப்பையும் பழைய அ-பதிவேட்டையும் பார்க்காமல் இன்று ஏற்காட்டு நிலத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பழக்கம் இந்த வழக்கில் வந்தது.

டிசம்பரில் நிலத்தைப் பார்க்கப் போனோம். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. நாகலூர் பக்கம் இறங்கி நடந்தோம். முப்பது சென்ட். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி. பழம் எடுக்கும் காலம். வரப்போரம் ஒரு பாட்டி தார்ப்பாயில் சிவந்த காப்பிப் பழங்களைப் பரப்பி, கையால் அளைந்து அளைந்து பச்சைக் காயைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். யாரென்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மூலையில் பாசி படிந்து நின்ற சர்வே கல்லைக் காட்டினார்.

"அது எங்க மாமனார் நட்ட கல்லுங்க. அளக்க வந்தவங்க கொடுத்தாங்க, இவரு குழி தோண்டி நட்டாரு. கையெழுத்துப் போட்டா லோன் வரும்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போனாங்க. வித்ததா எங்களுக்குத் தெரியாதுங்க. பழம் நாங்கதான் எடுக்கறோம், எப்பவும்."

என் கட்சிக்காரரின் கணவர் இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறார். அப்போதும் இந்தப் பாட்டி இங்கேதான் இருந்திருக்கிறார். தோட்டத்துக்கு ஆள் போட்டிருக்கிறோம் என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார்.

இறங்கும் வழியில், பதினாலாவது வளைவோ என்னவோ, அம்மா வாயைத் திறந்தார். "அவங்ககிட்ட இருந்து நமக்கு வேண்டாம் சார். காசு வாங்கினவன்கிட்ட வாங்கிக் குடுங்க."

உரிமை கோரி அந்தக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தாலும் தோற்றிருப்போம். ஆனால் அம்மா தோல்விக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் விற்றவர் மேல் வழக்குத் தொடுத்தேன். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55(2) பிரிவு நல்ல பிரிவு. விற்கிறவர், விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று உறுதி கூறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் அந்த வாசகம் இல்லாவிட்டாலும். கிரையம் 2019 ஜூலையில் நடந்தது. மூன்று வருடக் கெடுவுக்குள் வந்துவிட்டோம். அவரும் முந்தைய ஆளிடம் ஏமாந்தவர்தான் என்பது எதிருரை வந்தபோது தெரிந்தது. சமரச மையத்தில் ஏழு அமர்வு உட்கார்ந்தோம். 24 லட்சத்துக்கு 17 லட்சம், மூன்று தவணை. 2023 அக்டோபரில் கடைசித் தவணை வந்தது. இன்னும் இழுத்திருந்தால் முழுத் தொகைக்குத் தீர்ப்பு வாங்கியிருக்கலாம். அப்பீல், நிறைவேற்று மனு எல்லாம் முடிய அம்மாவுக்கு எழுபது வயதாகியிருக்கும்.

இனி அந்தக் கருவி. முதல் நாளே மகள் தன் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அப்பா எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே மாற்றியபோது வந்த மின்னஞ்சலில் அந்த முகவரி இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம். அதைப் போட்டால், பொதுப் பேரேட்டில் அவருடைய காயின் அப்படியே தெரிகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைய விலையில் முப்பது லட்சத்துக்கு மேல். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் மகள். ஆனால் கருவியின் எண்ணைத் தவறாகப் போட மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் தவறினால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இரண்டு வாய்ப்பை வீட்டிலேயே பிறந்த நாளும் கல்யாண நாளும் போட்டுத் தீர்த்திருந்தார்கள்.

சட்டத்தில் நான் என்ன செய்ய முடியும் என்று வாரக்கணக்கில் யோசித்தேன். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் வாரிசுரிமைச் சான்று, இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கும் பத்திரங்களுக்கும் கொடுக்கப்படுவது. வங்கி டெபாசிட் என்றால் வங்கி கடன்காரன்; சான்றைக் காட்டினால் கொடுக்க வேண்டும். பங்கு என்றால் கம்பெனி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலேயே விட்டிருந்தால்கூட ஒரு நிறுவனம், ஒரு விலாசம், நோட்டீஸ் வாங்க ஓர் ஆள் இருந்திருப்பார்கள். இதில் எதிர்மனுதாரர் என்று எழுதும் இடத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. மகளும் அம்மாவும் வாரிசுகள் என்பதில் உலகத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நீதிபதி கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை எந்த வாசலில் நீட்டுவது?

வீடு முழுக்கத் தேடினார்கள். அலமாரி, பஞ்சாங்கம், சாமி படத்துக்குப் பின்னால், எல்.ஐ.சி. டைரி, தைத்து வைத்த நிலக் காகிதங்களின் ஒவ்வொரு பக்கமும். 2021 நவம்பரில் பிட்காயின் விலை ஐம்பது லட்சத்தைத் தொட்டது. ஒரு வருடம் கழித்துப் பதின்மூன்று லட்சம் அளவுக்கு இறங்கியது. இடையில் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. விலை ஏறியதும் இறங்கியதும் அந்த வீட்டில் ஒன்றுதான்.

நிலமா காயினா என்று ஓய்வு பெறும் வயதில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எது கூடுதலாக வளரும் என்பது அவர்கள் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் இல்லாத நாளில் உங்கள் மனைவி அதை யாரிடம் போய்க் கேட்பார்? நிலத்துக்கு அந்த ஆள் இருந்தார். காகிதம் பொய்த்தபோதும் விற்றவரைப் பிடித்து உட்கார வைக்க முடிந்தது. காயினுக்கு அப்படி ஓர் ஆளே இருக்கக் கூடாது என்றுதான் அவர் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தளம் 2024 ஜூலையில் ஹேக் செய்யப்பட்ட பிறகு, அங்கே 3,532 எக்ஸ்.ஆர்.பி. காயின் வைத்திருந்த ஒரு பெண்ணின் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. திருட்டுப் போனவை வேறு வகை டோக்கன்கள். கிரிப்டோ என்பது தொட்டறியும் பொருளுமல்ல, நாணயமுமல்ல. ஆனாலும் அது சொத்து, அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் கூடியது, பிறருக்காக நம்பிக்கையில் வைத்திருக்கவும் தகுந்தது என்றார் நீதிபதி. நடுவர் தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை 9,56,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் போன்ற பாதுகாப்பும் கொடுத்தார். முழுவதும் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட உத்தரவு.

செய்தி வந்த மறுநாளே மகள் கூப்பிட்டார். அன்று ஒரு பிட்காயின் ஒரு கோடியை ஒட்டி நின்றது.

"சார், அது சொத்துதான்னு தீர்ப்பு வந்துடுச்சாமே. அப்ப அப்பாவோடது?"

"உங்களோடதுதான்மா. முன்னேயும் உங்களோடதுதான்." அந்த வழக்கில் பிடித்துக் கேட்க ஒரு கம்பெனி இருந்தது என்பதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மா எங்கே என்று கேட்டேன். போஸ்ட் ஆபீஸ் போயிருக்காங்க என்றார். அந்த 17 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 34,850 ரூபாய் கணக்கில் விழும். விழுந்ததும் ஒரு தடவை போய்ப் பாஸ்புக்கில் பதிந்து வருவார்.

"அங்கேர்ந்து அப்படியே ஏற்காடு பஸ்ல ஏறிடுவாங்க சார். அந்தப் பாட்டிகிட்ட காப்பிக்கொட்டை வாங்கிட்டு வர."