மகஜரிலிருந்து படிக்கிறேன்

கண்ணால் கண்ட சாட்சி இல்லாத கொலை வழக்கின் கட்டு கைக்கு வந்தால், குற்றப்பத்திரிகையைக் கடைசியில்தான் படிப்பேன். முடிவைத் தெரிந்துகொண்டு எழுதிய கதை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நான் முதலில் எடுப்பது கைப்பற்றுதல் மகஜரையும், கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-ஐயும்.

1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தது. சங்கிலி அறுபடக் கூடாது என்பது ஐந்தாவது. இளைய வக்கீல்களுக்கு அதைப் பேசத்தான் ஆசை. வழக்கு உடைவதோ பெரும்பாலும் முதல் விதியில்: ஒவ்வொரு சூழ்நிலையும் தன்னளவில் முழுதாக நிரூபணமாக வேண்டும். அது எதைச் சுட்டுகிறது என்ற பேச்சே அதற்கப்புறம்தான்.

கத்தி மீட்ட மகஜரைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கைது எத்தனை மணிக்கு, வாக்குமூலம் எத்தனை மணிக்கு, கத்தி கிடந்த முட்புதருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? கத்தி நீதிமன்றத்துக்கு வந்த தேதி படிவத்தில் இருக்கும். அதுவரை அது முத்திரையிட்ட உறையில் இருந்ததா, ஸ்டேஷன் அலமாரியில் கிடந்ததா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் ரத்த வகை பொருந்துகிறது என்ற அறிக்கையும் ஆட்டம் காணும்.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் 'நான் குத்திய கத்தி' என்றிருந்தால் 'நான் குத்திய' என்பது சாட்சியத்தில் ஏறக் கூடாது. பொருள் இருந்த இடமும், அது அவருக்குத் தெரிந்திருந்ததும் மட்டுமே ஏறும். புளுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946-லேயே சொன்னது இது. சான்றாவணமாகக் குறியீடு செய்யும்போதே ஆட்சேபிக்காவிட்டால் முழு வாக்குமூலமும் கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

'கடைசியாக ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன்' என்ற சாட்சிக்கு என் கேள்விகள் கடிகாரத்தைப் பற்றியவை. பார்த்த நேரத்துக்கும் பிரேதப் பரிசோதனை மருத்துவர் சொல்லும் இறப்பு நேரத்துக்கும் இடைவெளி கூடக் கூட, மூன்றாவது ஆள் நுழைய இடம் கிடைக்கிறது.

எதிரி விளக்கம் சொல்லவில்லை என்பார் அரசு வக்கீல். சாட்சியச் சட்டத்தின் பழைய 106, இப்போதைய 109-ஆம் பிரிவு, அரசுத் தரப்பு விட்ட ஓட்டையை அடைக்க வந்ததல்ல. பொய் விளக்கமேகூட, மற்றக் கண்ணிகள் நிரூபணமான பிறகே கூடுதல் கண்ணியாகும். இதுவும் சர்தா தீர்ப்புதான். விஷத்தால் இறந்த இளம் மனைவியின் கடிதங்கள் தற்கொலைக்கும் இடம் தந்ததால், உயர் நீதிமன்றம் உறுதிசெய்த தூக்குத் தண்டனை அங்கே ரத்தானது.

அதே தீர்ப்பில் இன்னொன்று: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 313, இன்றைய 351-ஆம் பிரிவு விசாரணையில் எதிரியிடம் கேட்கப்படாத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. பிற்பாடு வந்த தீர்ப்புகள், கேட்காததால் எதிரிக்குப் பாதிப்பு உண்டா என்றும் பார்க்கின்றன. அதனால் அந்தக் கேள்வித்தாளை வரிவரியாகப் பார்த்து, விடுபட்டதைக் குறித்து வைப்பேன். இறுதி வாதத்தில் அரசு வக்கீல் அதைத் தொட்டதும் எழுந்துவிடலாம்.