தோளில் ஏறும் அலுமினியம்

காவடிக்கு அலுமினியம் ஆகுமா என்று கேட்டவர் தூரத்துச் சொந்தத்தில் எனக்கு மாமா முறை. ஜேர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த் திருவிழாவில், எங்கள் வீட்டுப் பெடியன் காவடியை இறக்கிவைத்த நேரம், அவர் குனிந்து மூலைப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது வெள்ளியோ?"

"இல்லை மாமா, அலுமினியம்."

"அப்ப சட்டி பானை செய்யிற சாமானே?" என்றார். பிறகு இன்னொருமுறை தடவிவிட்டு, "எண்டாலும் நல்லா மினுக்கிப்போட்டாய்" என்றார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. பஞ்சலோகக் கணக்கில் அலுமினியத்துக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. 1820களில்தான் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட்டும், அவருக்குப் பின் ஜேர்மனியில் வோலரும் அதை மண்ணிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஏரூவும் மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்ட பிறகே விலை இறங்கியது. தமிழர் அடுப்படிக்குள் அது நுழைந்ததில் அல்பிரட் சாட்டர்ட்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியியலாளருக்குப் பெரிய பங்கு உண்டு. 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அவர் அலுமினியப் பாத்திரம் அடிக்கத் தொடங்கிவைத்தார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கைகளே இந்தப் புது உலோகத்தையும் அடித்தன. ஆகவே மாமா அதைச் சட்டிபானை உலோகம் என்று நினைப்பது வரலாற்றின்படியும் சரிதான்.

ஆனால் ஊன்ட்றொப்பில் நின்றுகொண்டு அலுமினியத்தை அற்பமாகச் சொல்லக்கூடாது. ஹம் நகரத்தின் இந்தக் கிழக்குப் புறத்தில், கோவிலுக்கு அண்மையில், சிமெகவுசன் என்ற இடத்தில் தோரிய அணு உலை ஒன்று இருந்தது. 1985இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி 1989இல் மூடப்பட்டது. அதன் குளிர்விப்புக் கோபுரம் கொங்கிறீற்றால் எழுப்பியதல்ல. நடுவில் சுமார் 180 மீற்றர் உயரத் தூண்; அதிலிருந்து உருக்குக் கயிற்று வலை; அந்த வலைக்கு மேல் அலுமினியத் தகட்டுப் போர்வை. யோர்க் ஷ்லைக் என்ற பொறியியலாளரின் வேலை. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின்மேல் நிற்கும் வித்யாசாகர் பாலத்திலும் அவருடைய கை இருக்கிறது. 1991 செப்டெம்பரில் வெடிவைத்து அந்தக் கோபுரத்தை விழுத்தினார்கள். அதற்குப் பிறகு, 2002 யூலையில், தொழிற்பேட்டைக்குள் 17 மீற்றர் இராசகோபுரத்தோடு காமாட்சி அம்பாள் குடியேறினாள். ஊரின் பெரிய அலுமினியக் கோபுரம் போன பிறகு வந்த கோபுரம் இது. என்னுடைய உள்ளங்கை அளவுப் பட்டைகள் வந்தது அதற்கும் பிறகு.

பட்டைகள் எதற்கு என்று சொல்லவேண்டும். காவடியின் வளைவும் தோளில் கிடக்கும் தண்டும் சந்திக்கும் மூலைதான் ஆட்டத்தில் முதலில் தளரும். மேளம் உச்சத்துக்குப் போய், காவடி எடுப்பவர் சுழன்று ஆடும்போது முழுப் பாரமும் இந்த மூலையில் இழுபடும். மரத்தில் ஆணியை இறுக்க இறுக்க ஓட்டை பெருக்குமே தவிர பிடிக்காது. இரும்புப் பட்டை போடலாம். கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். அலுமினியம் 2.7. வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஆடுகிறவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வளையும் குணத்தில் அலுமினியம் உருக்கைவிட மூன்று மடங்கு இளகியது என்பதால் தடிப்பைக் கூட்டவேண்டும். கூட்டினாலும் பாரத்தில் இலாபம்தான்.

நான் எல் வடிவப் புறொஃபீலை வாங்கி அதிலிருந்தே வெட்டுகிறேன். வீட்டில் மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6060 என்ற கலவை. கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்தது. வாளுக்கு இணங்கும், அரத்துக்கு அவ்வளவாக இணங்காது. அராவத் தொடங்கியதும் மென்மையான அந்தத் துருவல் அரத்தின் பல்லுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த துகள் பிறகு பட்டையின் முகத்தில் கீறலை இழுக்கும். அராவ அராவ வேலை பின்னுக்குத்தான் போகும். இதற்கு மருந்து பள்ளிக்கூடத்து வெண்கட்டி. அரத்தின் மேல் வெண்கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு அராவினால் துகள் பல்லில் பிடிக்காது, தட்டினால் கொட்டும். மிச்சத்தைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் பல்லின் வழியே தள்ளி எடுக்கலாம். சாணைக்கல்லில் மட்டும் பிடிக்கக்கூடாது. கல்லின் துளைகளில் அலுமினியம் அப்பி, சூடேறி, சுற்றும் வேகத்தில் கல்லே பிளந்துபோகலாம்.

முதல் வேலை விளிம்பு. பார்க்கிறவர்கள் முகத்தின் மினுக்கத்தைப் பார்ப்பார்கள். எடுக்கிறவரின் தோளும் கழுத்தும் விளிம்பைத்தான் அறியும். வாள் விட்டுப்போன பிசிறு கண்ணுக்குத் தெரியாது, வியர்வையில் ஊறிய தோலுக்குத் தெரியும். விளிம்பை நாற்பத்தைந்து பாகையில் சரித்து அராவி, அந்தச் சரிவின் இரண்டு முனைகளையும் திரும்ப உடைத்து, கடைசியில் உருண்டையாக்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்கப் பழைய நைலோன் காலுறை ஒன்றை அதன்மேல் இழுப்பேன். எங்காவது நூல் மாட்டினால் அந்த இடத்துக்குத் திரும்பவும் அரம்.

துளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே காரணம் தோல் அல்ல, வெடிப்பு. உருக்குக்கு ஒரு வரம்பு உண்டு: அதற்குக் கீழான பாரம் எத்தனை இலட்சம் தடவை வந்து போனாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான வரம்பு இல்லை. சின்னப் பாரமென்றாலும் திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் கீறலில் தொடங்கிக் கிழியும். 1954இல் கொமெற் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் அடுத்தடுத்து விழுந்தபோது உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. அழுத்தம் ஏறி இறங்கிய அலுமினிய உடலில், திறப்புகளின் மூலைகளை அண்டிய துளை ஓரங்களில் வெடிப்புத் தொடங்கியிருந்தது. காவடிக்கு ஏன் இத்தனை பெரிய உதாரணம் என்று கேட்கலாம். மேளக்காரர் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்த மூலை ஒருமுறை இழுபட்டுத் திரும்புகிறது. கோவில் வீதி சுற்றி முடிய எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். துளையிட்ட பிறகு இரண்டு பக்கமும் வாயை அகட்டி, உட்சுவரைச் சுருட்டிய தேய்ப்புத் தாளால் தேய்த்துவிடுவது அதனால்தான். நீளவாட்டில் இழுபடும் பட்டையில் குறுக்குக் கீறலையும் விட்டுவைக்கக் கூடாது. கடைசித் தேய்ப்பு நீளவாட்டில்தான் இருக்கவேண்டும். மினுக்கம் என்று மற்றவர்கள் பார்ப்பது பாதி இதன் பக்கவிளைவு.

அரம் முடிந்தால் தாள். 240இல் தொடங்கி 400, 600 என்று ஏறுவது வழமை. இலக்கம் கூடக் கூட மணல் சின்னதாகும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றவேண்டும். 240ஐ நெடுக்காகத் தேய்த்தால் 400ஐக் குறுக்காக. முதல் தாளின் கோடுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் மறைந்தபிறகுதான் அடுத்ததை எடுக்கலாம். அவசரப்பட்டு 600க்குத் தாவினால் 240இன் கோடு இரண்டு, சுற்றிவர எல்லாம் அழகாக இருப்பதாலேயே, இன்னும் துலக்கமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு நனைத்துத் தேய்த்தால் தாள் அடைக்காது, தூளும் பறக்காது. கை கறுத்துப்போகும். வெள்ளை உலோகத்திலிருந்து இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது அழுக்கு அல்ல, மிக நுண்ணிய அலுமினியத் தூள்தான். அந்த அளவு சின்னதானால் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும்.

தேய்த்து எடுத்த புதுமுகம் உடனடியாகக் காற்றிலிருந்து ஒட்சிசனை இழுத்து மெல்லிய தோல் போர்த்திக்கொள்ளும். சில நனோமீற்றர் தடிப்புத்தான், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். இரும்பின் துரு உதிர்ந்து உள்ளே தின்னும். இந்தத் தோல் உள்ளே இருப்பதைக் காக்கும். எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இன்னொன்று. தோலாக இருக்கும் இந்த அலுமினியம் ஒட்சைட்டே குருந்தக்கல்லும் ஆகும். இரத்தினபுரியில் மண்ணைக் கழுவி எடுக்கும் நீலமும் அதுதான், சிவப்பும் அதுதான். பழுப்பு நிறத் தேய்ப்புத் தாளில் ஒட்டியிருப்பதும், மினுக்குப் பசையில் கலந்திருப்பதும் பெரும்பாலும் அதே. அலுமினியத்தை அலுமினியத்தின் துருவால்தான் மினுக்குகிறோம்.

பசைக்கு வருவோம். ஊரில் பிறாஸோ டப்பாவோடு வளர்ந்தவர்களுக்கு இங்கே அவுட்டோசோல். சொலிங்கன் நகரச் சரக்கு. கத்திக்குப் பேர்போன இடத்திலிருந்து வருவதால் மினுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பலாம். பருத்தித் துணியில் ஒரு பயறளவு எடுத்துத் தேய்த்தால் முதலில் கறுக்கும்; கறுப்பைத் துடைத்தால் கீழே முகம் தெரியும். 2000 தாள்வரை போய், பிறகு துணிச் சில்லைத் துளைப்பானில் பூட்டிச் சுற்றினால் முகம் பார்க்கலாம். நான் அதுவரை போவதில்லை. முகம் பார்க்கும் மினுக்கம் விரல் தொட்டதும் போகும். பால், சந்தனம், விபூதி, வியர்வை எல்லாம் படும் பொருளுக்கு அது தாங்காது. யூன் வெயிலில் பின்னால் வருகிறவரின் கண்ணிலும் அடிக்கும். போதாக்குறைக்கு வெள்ளி என்றும் நினைப்பார்கள். 600இல் நிறுத்தி, நீளவாட்டில் ஒரே இழுப்பாகத் தேய்த்த பட்டுப்போன்ற மங்கல்தான் என் தெரிவு. அதில் விழும் புதுக்கீறலை அடுத்த வருடம் இரண்டு இழுப்பில் எடுத்துவிடலாம்.

இதைச் சொன்னால் மருமகள் ஒத்துக்கொள்வதில்லை. காவடி என்றால் மினுங்கத்தான் வேணும் என்பது அவள் கட்சி. அவளுக்காகக் காவடியின் அலங்காரக் குமிழ்களை மட்டும் கண்ணாடியாக்கிக் கொடுத்தேன். அவை தோளில் படாதவை, பாரம் தாங்காதவை. என்ன வேண்டுமானாலும் மினுங்கட்டும்.

வேலை நடப்பது கெல்லரில், வீட்டின் நிலக்கீழ் அறையில். ஜேர்மனியில் ஞாயிறு அமைதிநாள் என்பதால் அன்று அரம் எடுப்பதில்லை. வைஸில் இறுக்கிய பட்டையை அராவினால் சுவர் வழியே மூன்றாம் மாடிவரை கேட்கும். தாள் வேலைக்குச் சத்தமில்லை, அது ஞாயிற்றுக்கிழமைக்கு உகந்தது. தூளில்தான் கவனம் வேண்டும். உலர்ந்த நுண்தூள் காற்றில் பரவினால் பொறி பட்டு வெடிக்கும். இரும்பு அரைத்த இடத்துத் துருவோடு அது கலக்கவே கூடாது. அந்த இரண்டின் கலவைக்குத்தான் தேர்மிற் என்று பெயர். எசனில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அதைக் கொண்டு ட்ராம் தண்டவாளங்களை உருக்கி ஒட்டினார்கள். நாங்கள் ஊன்ட்றொப்புக்கு வரும் வழியில் தாண்டுகிற எசன்தான். கெல்லரில் அதன் சிறு பதிப்பு வேண்டாம் என்பதால் ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தண்ணீரில் அலசி, மேசையில் இரும்பு வேலை செய்வதை முற்றாக விட்டுவிட்டேன்.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையலறையில் எங்களுடைய பழைய பழக்கங்கள் எல்லாம் காத்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். சாம்பல் காரம், காரம் அந்தக் காக்கும் தோலைக் கரைக்கும், அலுமினியம் கறுக்கும். பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் போட்டாலும் இதே கதி, அந்தப் பவுடரும் காரம்தான். அம்மாமாரின் புளி மட்டும் இங்கேயும் சரிவரும். புளித்தண்ணீரில் அலுமினியச் சட்டியை வேகவைத்தால் உள்ளே வெளுப்பதை எல்லோரும் கண்டிருப்போம். பட்டைக்கு அவ்வளவு தேவையில்லை. வியர்வை உப்பு காயமுன் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கொஞ்சம் மெழுகு பூசினால் போதும். வார்னிஷ் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. அது துருப்பிடிக்காத பொருளுக்குத் துருக் காப்புப் போடுவது. இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, உரியத் தொடங்கினால் முழுவதையும் சுரண்ட வேண்டிவரும்.

பெட்டியில் வைக்கும்போது செம்போடு சேர்த்து வைக்கக்கூடாது. ஈரம் இருந்தால் செம்பு தப்பும், அலுமினியம் தின்னப்படும். இதைச் சொன்னபோது மாமா, தன் வீட்டுச் செம்புக் குடத்துக்குக் கீழே கிடக்கும் அலுமினியத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் எப்படி வந்தன என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். அடுத்த சனிக்கிழமை தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், 400ஆல் தொடங்கலாம்.